கூரையின் கீழ் வளரும் வாழைக்கன்றுகள்: நீரும் மண்ணும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய பேச்சு)



நெல்லைப் பற்றியும் மரக்கறிப் பயிர்களைப் பற்றியும் இவ்விடத்திற் பலமுறை பேசியிருக்கின்றோம். இன்று எடுத்துக்கொண்ட விடயம் சிறிது வேறானது. வயலிலும் தோட்டத்திலுமன்றி, வீட்டு விறாந்தையிலும் பந்தலின் கீழும் பைகளிலும் சாடிகளிலும் நிற்கும் வாழையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

வாழைக்கு வீட்டுக்குள் என்ன வேலை என்று உங்களுட் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் இழைய வளர்ப்பு முறையாற் பெற்ற கன்றுகளை வாங்கி, நிலத்தில் நடுவதற்கு முன் ஆறு எட்டுக் கிழமைகள் பையில் வைத்து வளர்ப்போர் இப்பொழுது பலர். மாரி மழையில் தோட்டம் சேறாகிக் கிடக்குமாயின், அக்கன்றுகள் மேலும் ஒரு மாதம் கூரையின் கீழேயே நிற்கவேண்டி வருகின்றது. பட்டினத்தில் அழகுக்காகச் சாடியில் வாழை வைப்போர் உளர். அவர்களுக்குக் கன்று வளர்த்து விற்போர் உங்களுள்ளும் உளர். ஒரு கன்றின் விலை இன்னதென்று உங்களுக்குத் தெரியும். நூறு கன்று செத்தால் எவ்வளவு நட்டம் என்பதை நான் கணக்கிட்டுக் காட்டத் தேவையில்லை.

என் சொந்தப் பிழையொன்றைச் சொல்லித் தொடங்குகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பிரிவிலுள்ள ஓர் அம்மையார், நகையை அடைவு வைத்து, 150 கன்றுகள் வாங்கிப் பின்விறாந்தையில் அடுக்கி வைத்திருந்தார். ஒருநாள் மத்தியானம் அவ்வழியாற் போனபொழுது என்னை அழைத்துக் காட்டினார். இலைகள் நடு நரம்பின் இருபுறமும் மடிந்து தொங்கின. நான் இலையைப் பார்த்தேனேயன்றி மண்ணைத் தொட்டுப் பார்க்கவில்லை. "தண்ணீர் போதவில்லை, அம்மா. காலையும் மாலையும் ஊற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அவர் சொன்னபடியே செய்தார். பத்து நாட்களின் பின் திரும்பிச் சென்றபொழுது அறுபதுக்கு மேற்பட்ட கன்றுகள் சாய்ந்து கிடந்தன. ஒன்றைப் பையோடு கவிழ்த்துப் பார்த்தேன். மண்ணிலிருந்து புளித்த நாற்றம் எழுந்தது. வேரை இரு விரல்களுக்கிடையிற் பிடித்து இழுக்க, மேற்றோல் உரிந்து கையில் வர, உள்ளே நூல்போன்ற நரம்பு மாத்திரம் எஞ்சி நின்றது. வேர் அழுகிய கன்று நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே ஈரத்தில் நின்றுகொண்டே வாடும். நான் அதனைத் தாகமென்று எண்ணிவிட்டேன். மிளகாய்ப் பாத்தியில் ஒருநாள் வெள்ளம் நின்று, மறுநாள் வெயில் எறிக்க, செடிகள் நட்டநடுப் பகலில் தலைசாய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவும் இதுவும் ஒன்றே.

நெற்கமக்காரர் இங்கு ஓர் ஐயம் எழுப்பலாம். நெல் நீரிலே நிற்கின்றதே, அதன் வேர் அழுகவில்லையே என்பர். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று இறங்கிச் செல்லும் நுண்ணிய குழாய்கள் உண்டு. இலையிலிருந்து ஒட்சிசன் அவ்வழியாக வேரின் நுனிவரை செல்கின்றது. வாழையின் வேருக்கு அத்தகைய வசதி மிகச் சொற்பம். அது மண்ணின் இடுக்குகளிலுள்ள காற்றையே நம்பியிருக்கின்றது. அவ்விடுக்குகளை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சற்று இறக்கின்றது. அதன்பின்னரே பங்கசும் பற்றீரியாவும் வந்து அழுகலை நிறைவு செய்கின்றன. வாழை நீரை விரும்பும் பயிர் என்பது உண்மை. ஆனால் அது விரும்புவது தன்னைக் கடந்து செல்லும் நீரையேயன்றித் தன் அடியில் தேங்கி நிற்கும் நீரையன்று.

இனி, தோட்டத்து வாழைக்கும் கூரையின் கீழுள்ள வாழைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். தோட்டத்தில் வெயிலும் காற்றும் படுவதனால் அகன்ற இலைகள் ஏராளமான நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. விறாந்தையில் வெளிச்சம் குறைவு, காற்றோட்டம் குறைவு. ஆகவே இலையின் செலவும் குறைவு. தோட்டத்துக்கு இறைக்கும் கணக்கை வீட்டுக்குள் நிற்கும் கன்றுக்கும் கொண்டுவந்தால், வரவு மிகுந்து செலவு குறைந்த கணக்காகிவிடும். மாரிகாலத்தில், வானம் மூடியிருக்கும் நாட்களில், இவ்வேறுபாடு இன்னும் அதிகம். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றவேண்டும் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நாட்கணக்குச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு வழி சொல்லித் தருகின்றேன்.

பையை நன்றாக நனைத்து, நீர் வடிந்தபின், ஒரு கையால் தூக்கி அதன் பாரத்தை மனத்திற் கொள்ளுங்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே பையைத் தூக்கிப் பாருங்கள். பாரம் தெளிவாகக் குறைந்து, விரலை 2 அங்குலம் மண்ணுள் விட்டால் மண் விரலில் ஒட்டாது உதிருமாயின், அன்றுதான் ஊற்றும் நாள். ஊற்றும்பொழுது அரைகுறையாக ஊற்றாமல், அடித்துளையால் நீர் வெளிவரும்வரை பூவாளியால் மெதுவாக ஊற்றுங்கள். நாள்தோறும் ஒரு சிரட்டை நீர் தெளிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் மேல்மண் எப்பொழுதும் ஈரமாயிருக்க, அடிமண் ஒன்றில் காய்ந்து கிடக்கும் அல்லது சேறாகிக் கிடக்கும். எதுவென்று மேலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. மேற்பரப்பு ஓயாமல் ஈரமாயிருந்தால் சிறிய கரிய ஈக்கள் மொய்க்கும். அவை வந்தாலே நீர் மிகுதி என்று அறிந்துகொள்ளலாம்.

மண் ஒருமுறை மிகக் காய்ந்து இறுகிவிட்டால், பையின் ஓரத்தை விட்டு விலகி நிற்கும். அப்பொழுது ஊற்றும் நீர் ஓர இடைவெளியால் ஓடி அடியால் வந்துவிடும், நடுமண் நனையாது. அடியால் நீர் வந்துவிட்டதே என்று ஏமாறக்கூடாது. அத்தகைய பையை நீருள்ள பாத்திரமொன்றில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்து, பின் எடுத்து வடியவிடுக.

சாடியின் கீழ்த் தட்டில் வடிந்து நிற்கும் நீரை உடனே ஊற்றிவிட வேண்டும். வேர் அழுகுவதற்கும் அது காரணம். டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்கும் அது இடம். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்கும் வரக்கூடும். வாழை வளர்த்த குற்றத்துக்காக நீதிமன்றம் ஏறவேண்டாம்!

இப்பொழுது மண்ணுக்கு வருவோம். நம்முடைய பிழைகளிற் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ப் பகுதிகளின் செம்மண் வாழைக்குப் பேர்பெற்றது. அத்தகைய நல்ல மண் இருக்க வேறென்ன வேண்டும் என்று, தோட்டத்து மண்ணையே அள்ளிப் பையில் நிரப்புகின்றோம். தோட்டத்தில் அம்மண்ணின் கீழே மேலும் பல அடி மண்ணும், அதன்கீழ் வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லும் உண்டு. மேலிருந்து வரும் நீரை அவை கீழே இழுத்துக்கொள்கின்றன. பையிலோ மண் 8 அங்குலத்தோடு முடிந்துவிடுகின்றது. அதற்குக் கீழே இழுப்பதற்கு ஒன்றுமில்லாமையால், துளை இருந்தாலும் அடியிலுள்ள மண் சிலநேரம் நீரை விடாமற் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இதனை நீங்களே வீட்டிற் செய்து பார்க்கலாம். பாத்திரம் கழுவும் பஞ்சொன்றை நீரில் ஊறவைத்து, தட்டையாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கட்டும். பின் அதனை நெட்டாக நிறுத்துங்கள். மீண்டும் நீர் சொட்டும். பஞ்சு அதுவே, துளைகளும் அவையே. உயரம் கூடியதனால் நீர் இறங்குகின்றது. ஆகையால் அகன்று தாழ்ந்த சாடியிலும் பார்க்க, ஒடுங்கி உயர்ந்த பை வடிப்புக்கு உகந்தது. சாடியின் அடியிற் கல்லும் ஓட்டுத்துண்டும் பரப்பும் வழக்கமும் நன்மை செய்வதில்லை. நான் விவசாயப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் எனக்கும் அவ்வாறே பழக்கினார்கள். நானும் பலருக்குச் சொல்லியிருக்கின்றேன். ஆனால் நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த கல்லுக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. ஈரமான படை கல்லுக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் அண்மையில் வந்துவிடுகின்றது. கல்லுக்கு விடும் இடத்தையும் மண்ணுக்கே விடுங்கள். துளை அடைபடாதிருக்க ஒரு ஓட்டுத்துண்டை அதன்மேல் கவிழ்த்து வைத்தாற் போதும்.

பைக்கு வேண்டிய கலவை செலவானதன்று. மேல்மண் ஒரு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு. மண் கனமான களியாயின் ஆற்றுமணல் அரைப்பங்கு சேர்க்கலாம். கடற்கரை மணல் கூடாது. கருக்கிய உமி நெற்கமக்காரரிடம் இலவசமாய்க் கிடைப்பது. கலவையைப் பொருபொருவென்று வைத்திருக்கும். ஆயினும் அது காரத்தன்மை உடையது. நம்முடைய கிணற்று நீரும் சுண்ணாம்பு கலந்தது. ஆகவே கருக்கிய உமியைப் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இடுவது நன்று.

தும்புச்சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை. உவர்நீர்க் குளங்களில் ஊறவைத்த மட்டையிலிருந்து வரும் தும்புச்சோற்றில் உப்பு நிறைய உண்டு. அதனைச் சாக்கில் கட்டி, நல்ல நீரில் மூன்று முறையாவது ஊறவைத்துப் பிழிந்தபின்னரே சேர்க்க வேண்டும். ஊறவைத்த நீரைச் சிறிது நாவில் வைத்துப் பார்த்தால் விடயம் விளங்கும். எருவும் அவ்வாறே; உக்காத எரு பையினுள் சூடேறி இளவேரைச் சுட்டுவிடும். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்ட காலத்தில், அவசரத்தில் உக்காத எருவைப் பாவித்துக் கன்றுகளை இழந்தவர்களை நான் கண்டிருக்கின்றேன். கையில் அள்ளினால் சூடு இருத்தல் கூடாது. சாண நாற்றம் இருத்தல் கூடாது. மழை பெய்த காட்டுமண்ணின் வாசம் இருத்தல் வேண்டும்.

மேல்மண்ணை எங்கிருந்து எடுக்கின்றீர்கள் என்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. பழைய வாழைத்தோட்டத்து மண்ணை எடுக்கவே கூடாது. பனாமா வாடல் நோயை உண்டாக்கும் பியூசேரியம் என்னும் பங்கசு, வாழை அழிந்தபின்னும் பல பத்தாண்டுகள் மண்ணில் உயிரோடிருக்கும். கோழிக்கூட்டு வாழை அதற்கு எளிதில் இரையாவது. நோயற்ற இழைய வளர்ப்புக் கன்றை விலைகொடுத்து வாங்கி, நோயுள்ள மண்ணில் இடுவது பணத்தைக் கிணற்றில் இடுவதாகும். தக்காளி, கத்தரி நின்ற பாத்திமண்ணில் வேர்முடிச்சு வட்டப்புழு இருக்கக்கூடும், அம்மண்ணும் உகந்ததன்று. வேறு மண் கிடையாதாயின், அதனை ஈரமாக்கி, அரை அடி உயரத்துக்குப் பரப்பி, ஒளி ஊடுருவும் பொலித்தீன் தாளால் இறுக்கமாக மூடி, கடும் வெயில் காலத்தில் ஆறு கிழமைகள் விட்டால் வட்டப்புழுவும் பல பங்கசுகளும் குறையும். முற்றாக ஒழியும் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது நீரின் தன்மை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரையை அண்டிய பல கிணறுகள் கோடையில் உவர்ப்பேறுகின்றன. தோட்டத்தில் மாரி மழை வருடத்துக்கு ஒருமுறை உப்பைக் கழுவிவிடுகின்றது. கூரையின் கீழுள்ள பைக்கு மழை ஏது? ஒவ்வொரு முறை ஊற்றும்பொழுதும் நீர் ஆவியாகப் போக, உப்பு பையில் தங்குகின்றது. மண்ணின் மேலும் சாடியின் விளிம்பிலும் வெள்ளைப் படலம் தோன்றும். பின் முதிர்ந்த இலையின் ஓரம் கபில நிறமாகக் கருகும். இதைக் கண்டவுடன், தாகத்தால் இலை கருகுகின்றது என்று அதே நீரை மேலும் ஊற்றுவோர் பலர். வேண்டியது வேறு. மேலேயுள்ள வெள்ளைப் படலத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, பையின் கொள்ளளவைப்போல் இருமடங்கு நல்ல நீரை மெல்ல மெல்ல ஊற்றி, அடியால் முற்றாக வடியவிடுங்கள். அதன்பின் பாரம் குறையும்வரை ஊற்றவேண்டாம். கூரையின் பீலியில் வடியும் மழைநீரை ஒரு பீப்பாயிற் பிடித்து, வலையால் மூடி வைத்துக்கொண்டால் இருநூறு கன்றுகளுக்கு அது பெரும் உதவி. பைக்கன்றுக்கு மழைநீரிலும் சிறந்த நீர் கிடையாது.

இலையின் நிறத்தை வாசிக்கப் பழகுங்கள். கீழிலைகள் முழுமையாக வெளிறி, புதிய இலைகள் சிறுத்து வந்தால் நைதரசன் குறைவு. முதிர்ந்த இலை செம்மஞ்சளாகி, நுனி உட்புறம் சுருண்டு காய்ந்தால் பொற்றாசியம் குறைவு. முதிர்ந்த இலையின் ஓரம் மஞ்சளாக, நடு நரம்பின் இருமருங்கும் பச்சையாக நின்றால் மகனீசியத்தை நினைக்கவேண்டும். குருத்திலிருந்து விரியும் இளம் இலையே நரம்புகளுக்கிடையில் வெளிறி, ஏறத்தாழ வெள்ளையாக வந்தால், அது இரும்புச்சத்துக் குறைவு. நமது பகுதியில் அது அடிக்கடி காணப்படும். மண்ணில் இரும்பு இல்லாமையன்று. சுண்ணாம்பு மிகுந்த நீரும் மண்ணும் அதை வேருக்குக் கிடைக்கவிடாமற் கட்டிவைத்திருக்கின்றன. சேறாகிய பையிலும் வேர் செயலிழந்து இவ்வறிகுறி தோன்றும். ஆகவே முதலில் நீரைத் திருத்துங்கள். அதன்பின்னும் நிறம் திரும்பாவிடின், ஒரு லீற்றர் நீருக்கு 5 கிராமுக்கு மேற்படாமல் இரும்புச் சல்பேற்றைக் கரைத்து, இரண்டொரு கன்றுகளில் மாலையிற் தெளித்துப் பார்த்து, இலை கருகாவிடின் ஏனையவற்றுக்கும் தெளிக்கலாம்.

உரத்தைப் பற்றி நீட்டிப் பேசவில்லை. கன்று புதிய இலை விடத்தொடங்கியபின், 10 லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி யூரியாவைக் கரைத்து, இரு கிழமைகளுக்கு ஒருமுறை ஈரமண்ணில் ஊற்றினாற் போதும். யூரியாவைக் குருமணியாகப் பையில் இடுவது கூடாது. உவர்நீர் பாவிக்கும் இடங்களில், மியூரியேற்று ஒவ் பொட்டாசு மேலும் குளோரைட்டைச் சேர்க்கும். பொற்றாசியம் சல்பேற்று கிடைக்குமாயின் அதுவே ஏற்றது.

வாடிய கன்றை நீரால் வந்ததா நோயால் வந்ததா என்று அறிய, ஒன்றைப் பலிகொடுத்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். கிழங்கு மென்மையாகி, கபில நிறத்தோடு நாறுமாயின் அது அழுகல். கிழங்கு உறுதியாக இருந்து, உள்ளே செங்கபிலப் புள்ளிகளும் கோடுகளும் தென்பட்டால் பனாமா வாடலென்று சந்தேகித்து, பையைத் திறக்காமல் அப்படியே வைத்து எமக்கு அறிவியுங்கள். அம்மண்ணைத் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள். இலைகள் குறுகி, உச்சியில் ஒரு கற்றையாக நிமிர்ந்து நெருங்கி நின்றால் அது முடிக்கொத்து வைரசு. அதற்கு மருந்தில்லை, அசுகுணியால் அடுத்த கன்றுக்குப் பரவுமுன் அழித்துவிட வேண்டும்.

அம்மையாருடைய எஞ்சிய கன்றுகளுக்கு நாங்கள் செய்ததைச் சொல்கின்றேன். ஒவ்வொரு கன்றையும் கவிழ்த்து, அழுகிய வேரைச் சுத்தமான கத்தியால் வெட்டினோம். ஒரு கன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிற் கத்தியை நெருப்பிற் காட்டினோம். வேர் குறைந்தமையால் கீழிலைகளில் இரண்டொன்றையும் நீக்கினோம். இருக்கும் வேர் தாங்கக்கூடிய அளவுக்கே இலை இருத்தல் வேண்டும். புதிய கலவையில், பக்கத்திலும் அடியிலும் துளையிட்ட பையில், முன்பிருந்த ஆழத்துக்கே நட்டு, ஒருமுறை நீர் ஊற்றி, கிடுகுப் பந்தலின் கீழ் காற்றோட்டமான இடத்தில், நிலத்திற் படாமல் பலகைமேல் வைத்தோம். உரம் இடவில்லை. அதன்பின் செய்ததெல்லாம் பையைத் தூக்கிப் பார்த்ததே. மூன்றாம் கிழமையில் ஒரு சிலவற்றிலிருந்து குருத்து எழுந்தது. இறுதியில் 71 கன்றுகள் தேறின. எஞ்சியவற்றின் பணம் என் வார்த்தையால் போனது. அம்மையார் அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசவில்லை. அவர் பேசியிருந்தால் எனக்கு இலேசாயிருந்திருக்கும்.

தேறிய கன்றை நேரே வெயிலுக்குக் கொண்டுபோதல் கூடாது. நிழலில் விரிந்த இலை ஒரே நாளில் வெந்து வெளுத்துவிடும். முதல் சில நாட்கள் காலை வெயிலில் இரண்டு மணி நேரம், பின் படிப்படியாகக் கூட்டி, பத்து முதல் பதினான்கு நாட்களில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். வெயிலில் வைத்தவுடன் நீர்ச்செலவும் கூடும்; பையைத் தூக்கிப் பார்க்கும் வழக்கத்தை அப்பொழுதும் விடவேண்டாம். கன்று ஏறத்தாழ ஓரடி உயரமும் ஐந்து ஆறு நல்ல இலைகளும் கொண்டபின், மழை விட்டு மண் பதமாகிய நாளில், மாலையில் நடுக.

இதுபற்றி ஐயமுள்ளோர் அடுத்த கூட்ட நாளில் கன்றைக் கொண்டுவந்து காட்டலாம். பையோடும் மண்ணோடும் கொண்டுவாருங்கள். இலையை மாத்திரம் பறித்துக்கொண்டு வரவேண்டாம். நீங்கள் ஊற்றும் கிணற்று நீரில் ஒரு போத்தலும் உடன் இருக்கட்டும்.